அமைச்சரின் கையில் ஸ்பேனர், என் கையில் மைக்

இலங்கையின் ஊவா மாகாணம் முழுவதும் வேரூன்றிவிட்ட ஒரு தவறான நம்பிக்கையை முதலில் திருத்துவது என் கடமை: விமானப்படைப் பொறியியலாளர் விமானம் ஓட்டுவதில்லை. எங்கள் தொழிலில் வானத்தைப் பார்த்ததைவிட விமானத்தின் வயிற்றைப் பார்த்ததே அதிகம். "எங்கள்" என்று சொல்லக் காரணம் உண்டு. இன்றைய அமைச்சரும் நானும் ஒரே நாளில் படையில் சேர்ந்து, ஒரே இயந்திரத்தின் கீழ் மல்லாந்து படுத்தவர்கள். இப்போது அவர் அமைச்சர், நான் அவருடைய பதுளை அலுவலகச் செயலாளர். கூடப் படித்தவரின் வாகனத்துக்கு வழிவிட்டு ஓரமாக நிற்கும் அன்பர்களே, உங்களுக்கு இது புரியும்.

எனக்கும் ஓர் ஆசை இருந்தது. மாகாண சபைத் தேர்தல் வந்தால் மடுல்சீமைப் பக்கம் வேட்பாளராக நிற்க வேண்டும். அதற்குக் கட்சியின் மாவட்டத் தலைவர் மனது வைக்க வேண்டும்.

குறை கேட்கும் நாள்

புதன்கிழமைகளில் அமைச்சர் மக்களின் குறை கேட்பார். ஒருநாள் தெமோதரையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் மேசைமேல் ரைஸ் குக்கரை வைத்தார். இது பாதை, தண்ணீர், காணி போன்ற விடயங்களுக்கான இடம் என்று அவருக்கு விளக்கத் தொடங்கினேன். நான் மூன்றாவது விடயத்தை எட்டும்முன் அமைச்சர் ஸ்க்ரூ டிரைவரை வரவழைத்துக் குக்கரின் அடியைக் கழற்றிவிட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. பெரியவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "முந்தி இருந்த மந்திரி அம்புட்டு பெட்டிஷன் வாங்குனாருங்க, ஒரு ஸ்க்ரூவக்கூட கழட்டலீங்க."

முதலாவது வந்தவர்

பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர் அமைச்சரின் மூளையை ஓயாமல் புகழ்வார். ஒருநாள் பொறுக்கவில்லை. பயிற்சிப் பரீட்சையில் முதலாவது வந்தவன் நான், அமைச்சர் ஏழாவது என்ற வரலாற்று உண்மையை அவருக்கு அறிவித்தேன். அவர் துணியை மடிப்பதை நிறுத்திவிட்டு, உண்மையான அக்கறையோடு கேட்டார்: "அப்ப ஏன் தம்பி நீங்க அவருக்குக் கார் கதவு தொறந்து விடுறீங்க?"

மடுல்சீமை மேடை

தேயிலைத் தொழிற்சாலை வாசலில் கூட்டம். மாவட்டத் தலைவர் முன்வரிசையில் இருந்தார். அமைச்சர் எழுந்து பேசப்போகும் நேரத்தில், உள்ளே கொழுந்தை வாட்டும் பெரிய விசிறி கரகரத்து நின்றது. அது ஓடாவிட்டால் அன்று பறித்த கொழுந்தெல்லாம் கெட்டுவிடும், மறுநாள் வேலையும் இருக்காது. பேரிங் தேய்ந்த சத்தம் என்று எனக்கும் தெரிந்தது. அமைச்சர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "நீ பேசு மச்சான், நான் போய்ப் பார்க்கிறேன்" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பல மாதங்களாக என் சட்டைப்பையில் ஒரு பேச்சு தயாராக இருந்தது. கிரேக்கர்களின் மக்களாட்சியிலிருந்து தொடங்கினேன். பின்வரிசை எழுந்து தொழிற்சாலைக்குள் போனது. ரோமுக்கு வருவதற்குள் நடுவரிசையும் போயிற்று. பிறகு தலைவரும் எழுந்தார். மிஞ்சியவர் ஒலிபெருக்கிக்காரர் மட்டுமே. அவர் பணிவாகச் சொன்னார்: "சேர், நீங்க முடிச்சீங்கன்னா நானும் போய்ப் பார்ப்பேன்."

முடித்தேன். உள்ளே அமைச்சர் முழங்கை வரை கிரீஸோடு குனிந்திருந்தார். பக்கத்தில் கொழுந்து பறிக்கும் லெச்சுமி டோர்ச் பிடித்தபடி, "அங்க கைய வைக்காதீங்க மந்திரி, பெல்ட்டு இழுத்துரும்! பொறவு எங்களுக்கு எவன் ரோடு போடுறது?" என்று அதட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் சிரித்தது. தலைவர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அதுவரை மேடையைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன், முதல் தடவையாக ஒரு ஸ்பேனரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். எனக்கும் தெரிந்த வேலைதானே என்று அருகில் போனேன். லெச்சுமி திரும்பிப் பார்த்தார்: "ஒதுங்குங்க சேர், வெளிச்சத்த மறைக்கிறீங்க."

அடுத்த மாதம் தேர்தல் அறிவிப்பு வந்தது; மடுல்சீமைப் பக்கத்து வேட்பாளராக லெச்சுமியைத் தலைவர் அறிவித்தார். அவருடைய முதல் பேச்சை எழுதும் வேலை எனக்குத் தரப்பட்டது.