பச்சை சாத்திய வண்டி

முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்கிற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிள் கெட்டுப்போனதற்குக் காரணமே அவனுக்கு நேர்ந்துகொண்ட வேண்டுதல்தான். அது சரியானதும் அவனால்தான் என்று அம்மா சொல்லுவாள். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் அது. கல்லிடைக்குறிச்சியில் நான் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அம்மா வீட்டில் அப்பளம் இடுவாள். அப்பா அதைப் பெட்டியில் கட்டி மோட்டார் சைக்கிளில் வைத்து அம்பாசமுத்திரம், பாபநாசம் கடைகளுக்கெல்லாம் போட்டுவருவார். அப்போதே அது பழைய வண்டி. சொந்தபந்தம் எல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வாங்கியது.

ஒரு ஐப்பசி மழையில் வாய்க்கால் கரையில் வண்டி சறுக்கி அப்பா சேற்றில் விழுந்தார். சிராய்ப்புகூட இல்லாமல் எழுந்து வந்தார். தலையோடு கால் சகதியாக வாசலில் நின்றவரைப் பார்த்த கையோடு அம்மா, வண்டிக்குப் பச்சை சாத்தித் திருச்செந்தூர் சந்நிதிக்குக் கொண்டுவருவதாக வேண்டிக்கொண்டாள். திருவிழாவில் சண்முகர் பச்சைப் பட்டும் பச்சை மாலையுமாகப் பச்சை சாத்தி எழுந்தருளும் அழகைக் கண்டவர்களுக்கு இந்த வேண்டுதலின் அருமை தெரியும்.

கார்த்திகையில் அப்பா வண்டியைத் துண்டு துண்டாகக் கழற்றித் தன் கையாலேயே பெயின்ட் அடித்தார். பச்சையென்றால் அப்படியொரு பச்சை. வெளியே தெரிகிற இடம், தெரியாத இடம் என்று பார்க்கவில்லை, எல்லாவற்றிலும் இரண்டு பூச்சு. சாமிக்கு நேர்ந்ததில் குறை வைக்கலாமா? பெட்ரோல் டாங்கில் மஞ்சளில் ஒரு வேலும் வரைந்தார். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

அதன் பிறகு வண்டி வீடு வந்து சேர்ந்ததைவிட வழியில் நின்றதுதான் அதிகம். காரணம், பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை. ஓட ஓட வெளிச்சம் மங்கி, கடைசியில் இன்ஜினும் இருமி நின்றுவிடும். அப்பா பேட்டரியைக் கழற்றிக் கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு வருவார். ஒன்றிரண்டு நாள் ஓடும், மறுபடி படுத்துக்கொள்ளும். முகப்பு விளக்குக்கு மேலே சின்ன வட்டத்துக்குள் ஒரு முள் இருந்தது. சார்ஜ் ஏறினால் வலப்பக்கம் சாயும், இறங்கினால் இடப்பக்கம் சாயும். டாங்கின் மேல் உட்கார்ந்து போகும் எனக்கு அந்த முள்தான் வேடிக்கை. அது வலப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தது.

அம்பாசமுத்திரத்து மெக்கானிக் அண்ணாச்சி பேட்டரியைக் குறை சொன்னார். பிறகு கரண்டு உண்டாக்குகிற காயிலைக் குறை சொன்னார். எதையாவது கழற்றப்போய் டாங்கில் இருந்த வேல் படத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பெயின்ட் கீறாதபடி கையை எடுத்துவிடுவார்.

இந்தச் சமயத்தில்தான் முக்கூடலில் இருந்து மாமா வந்தார். அம்மாவுக்கு ஒரே அண்ணன். வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "முருகனே பின்னால ஏறி ஒக்காந்தாலும் இது திருச்செந்தூர் போவாது வே மாப்பிள. வாங்க ஒரு ஆளு இருக்கு, தள்ளிவிட்டுருவோம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆளைக் கூட்டிவருவதாகவும், அதற்குள் சரியானால் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அப்பா சரியென்று தலையை ஆட்டினார். வண்டி போனால் வேண்டுதலும் போனதுதான்.

சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா இல்லாத நேரம் பார்த்து மாமா அம்மாவிடம் சொன்னார்: "ஒனக்கு வாச்சவன் எதத் தொட்டாலும் பாதி வழியிலதாம்மா நிக்கும். நான் அப்பமே சொன்னேன்." அவர் போதும் போதும் என்ற பிறகும் அம்மா இலையில் ரசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை அப்பா அப்பளம் போடப் போகவில்லை. வாசலில் வண்டியை நிறுத்தி, ஒரு பல்பில் இரண்டு ஒயரை முடிந்துகொண்டு உட்கார்ந்தார். இன்ஜினை ஓடவிட்டுக் காயிலின் ஒயரில் பல்பைத் தொட்டால் பளிச்சென்று எரிந்தது. ஆக, கரண்டு பிறக்கிறது. பேட்டரியும் வெளியே ஏற்றி வந்ததைத் தாங்குகிறது. நடுவில் இருப்பது ரெக்டிஃபையர் ஒன்றுதான். காயிலில் பிறந்த கரண்டைப் பேட்டரிக்குத் தோதாக மாற்றி அனுப்புகிற, தட்டுத் தட்டாக அடுக்கிய சாமான். மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிவந்த வேறொன்றை மாட்டிப் பார்த்தார். முள் அசையவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது, சார்ஜ் மட்டும் ஏறவில்லை என்றால் யாரைப் போய்க் கேட்பது? அப்பா தலையில் கைவைத்துவிட்டார்.

மாவுக்கையோடு வந்து நின்ற அம்மா, "எப்பத்துல இருந்து இப்படி?" என்று கேட்டாள்.

கார்த்திகையில் இருந்து என்றார் அப்பா.

"கார்த்திகையில என்ன செஞ்சோம்?"

பச்சை சாத்தினோம் என்று நான்தான் சொன்னேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சாமி காரியத்தக் குத்தம் சொல்லாதீய" என்றார்.

"சாமிய யாரு சொன்னா? நீங்க அடிச்ச பெயிண்டச் சொல்லுதேன்."

அப்பா பையக் குனிந்து ரெக்டிஃபையர் உட்காரும் இடத்தைத் தடவினார். அதில் இருந்து பேட்டரிக்குப் போக ஒரு ஒயர் உண்டு. திரும்பி வருவதற்கு ஒயர் கிடையாது. ரெக்டிஃபையரை இறுக்கும் போல்ட் வழியாக வண்டியின் இரும்பு உடம்பில் இறங்கித்தான் கரண்டு சுற்றி வரவேண்டும். அந்தப் போல்ட்டுக்கும் இரும்புக்கும் நடுவில் இரண்டு பூச்சுப் பச்சை கெட்டியாக உட்கார்ந்திருந்தது.

கண்டுபிடித்தும் அவருக்குக் கை வரவில்லை. நேர்ந்ததைச் சுரண்டுவதா என்று கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். அம்மாதான் சொன்னாள்: "சண்முகருக்குப் பச்சை சாத்தும்போது மொகத்த மூடியா சாத்துதாவ?"

அப்பா கற்பூரம் ஏற்றி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அந்த இடத்தை மட்டும் கத்தி நுனியால் சுரண்டி உப்புத்தாளால் தேய்த்தார். வெள்ளை இரும்பு பளபளத்தது. போல்ட்டை இறுக்கி வண்டியை உதைத்தார். நான் டாங்கில் ஏறி உட்கார்ந்து முள்ளையே பார்த்தேன். அப்பா ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க, படுத்திருந்தவன் எழுந்து உட்காருவதுபோல முள் எழுந்து வலப்பக்கம் சாய்ந்தது. விளக்கைப் போட்டார். கொஞ்சம் இறங்கியது, முறுக்கியதும் மறுபடி ஏறிக்கொண்டது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அப்பா அவர்களுக்கெல்லாம் விளக்கைப் போட்டுப் போட்டுக் காட்டினார். சனிக்கிழமை முழுதும் கடை கடையாகச் சுற்றினார். வண்டி எங்கேயும் நிற்கவில்லை.

ஞாயிறு விடிந்ததும் குளித்து விபூதி பூசித் திருச்செந்தூருக்குக் கிளம்பினோம். நான் டாங்கில், அம்மா பின்னால். வீரவநல்லூர் வந்ததும் அம்மா, முக்கூடல் வழியாகப் போகலாம் என்றாள். அது சுற்று, ஆற்றைக் கடந்து போகவேண்டுமே என்றார் அப்பா.

"சுத்திப் போனா வண்டி நின்னுருமா?"

அப்பா வண்டியைத் திருப்பினார்.

மாமா வீட்டு வாசலில் நிறுத்தச் சொல்லி, "ஆரன் அடிங்க" என்றாள். அப்பா அடித்தார். இன்னொரு மட்டம் அடிங்க என்றாள். அப்பா கையை எடுக்காமல் அழுத்தினார். எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் எட்டிப் பார்த்த பிறகு, வாய் நிறையப் பற்பசை நுரையோடு மாமா வெளியே வந்தார். நான் சந்தோஷமாகக் கையை ஆட்டினேன். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அத்தனை பணிவாகச் சொன்னாள்: "திருச்செந்தூர் போயிட்டு வாரோம்ண்ணா. அந்த ஆளு வந்தா சொல்லிருங்க."

மாமா நுரையை விழுங்கிவிட்டு இருமினார்.

ஊர் தாண்டும்போது வண்டிக் கண்ணாடியில் பார்த்தேன். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது. பிறந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் அவள் அழுவது எனக்குத் தெரியும். பாவமாக இருந்தது. அம்மா அழுகிறாளே, திரும்பிப் போவோமா என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பாவின் தோளும் குலுங்கியது. அவரும் அழுகிறார் என்று தெரிந்ததும் எனக்குத் தாங்கவில்லை.

திருச்செந்தூர் போய்ச் சேரும்வரை நான் கண்ணை மூடிக்கொண்டு, முருகா, அண்ணனைப் பிரிந்த துக்கத்தை எங்கம்மாவுக்கு ஆற்றிக்கொடுப்பா என்று வேண்டிக்கொண்டே வந்தேன்.