ஒரு மணி நேரக் காது

நான் பேசி முடிக்கும்வரை அந்தச் சலவைக்கடை அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சட்டை, ஒரு பேன்ட், ஒரு காலரில் மைக்கறை, திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும், அதற்குள் கிடைக்குமா என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அவர் தன் மேலங்கியின் பையைத் தட்டிக் காட்டினார்.

"காது பையில இருக்கு தம்பி. இப்ப போட மாட்டேன். என் மூஞ்சியைப் பாத்து ஒரு தடவை நிதானமா சொல்லு. கத்தாத. கத்தினா வாய் கோணிக்கும், ஒண்ணும் புரியாது."

நிதானமாகச் சொன்னேன்.

"ஓ, புது வேலையா? கம்ப்யூட்டர் கம்பெனியா?" என்று கடை அதிரக் கேட்டார். காத்திருந்த இரண்டு பேர் திரும்பி எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தச் சேதியை யாராவது இப்படி உரக்கச் சொல்ல மாட்டார்களா என்று எனக்கும் இருந்தது. திங்கட்கிழமைக்கு முன்பே சட்டை வந்தது, கறை போயிருந்தது. அதற்கப்புறம் அழுக்காகாத சட்டையையும் அங்கே கொண்டுபோய்ப் போட ஆரம்பித்தேன்.

கீழே கடை, மேலே வீடு. இரண்டு சலவை இயந்திரங்கள், ஒரு ட்ரையர், நீளமான இஸ்திரி மேசை, பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கும் கோட்டுகள். இஸ்திரி போடும்போது அக்காவின் முழங்கால் பக்கத்து இயந்திரத்தின்மேல் சாய்ந்திருக்கும். அதிர்வு நின்றால் துணி முடிந்தது என்று கணக்கு. வாடிக்கையாளர்களை அவர் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்: மீசை உள்ளவர்கள், இல்லாதவர்கள். "மீசைக்காரங்க பாதிப் பேச்சை மீசையிலேயே வடிகட்டி வெச்சுக்குறாங்க. அவங்ககிட்ட நான் எதுவும் கேக்குறதே இல்ல. டோக்கனைப் பாத்து துணியைக் குடுத்து அனுப்பிடுவேன்." தன் குரலின் அளவு அவருக்குத் தெரியாது. "சார், பேன்ட்டு பின்பக்கம் கிழிஞ்சிருக்கு, தைக்கவா?" என்று அவர் ரகசியமாகக் கேட்டால் எதிர்க்கடைக்காரர் சிரிப்பார்.

அக்காவின் கணவருக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர். துணி மடிக்கும்போதும், பொத்தான் தைக்கும்போதும், வாசலைக் கூட்டும்போதும் பேசிக்கொண்டே இருப்பார். எதிர்வீட்டு நாய்க்கு வயதாகிவிட்டது, இந்த நீலம் வெளுக்கும், அந்த நீலம் வெளுக்காது, கோட்டுக்காரர் இளைத்திருக்கிறார், வீட்டில் ஏதோ பிரச்சினை. கேட்கிற ஆள் இருக்கிறாரா என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

"முப்பது வயசுல எனக்குக் காது போச்சு. அப்பவும் இவர் நிறுத்தல" என்றார் அக்கா. "மூணு வருஷம் செவிடிக்கு நியூஸ் வாசிச்ச ஆளு தம்பி இவரு."

காது போனது மூளைக்காய்ச்சலில். பிறகு ஒரு நிறுவனம் தன் புதுக் கருவியைச் சோதித்துப் பார்க்க ஆள் தேடியபோது, ஆஸ்பத்திரி டாக்டர் இவரைக் கைகாட்டிவிட்டார். காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஒரு சின்னக் கருவி, அதிலிருந்து உள்காது நரம்புவரை போகிற முடி போன்ற கம்பி. வெளியே, காதுமடலில் மாட்டுகிற இன்னொரு கருவி. அதன் ஒயர் முனையில் இருக்கும் வட்டத் துண்டு காந்தத்தால் தலையில் போய் ஒட்டிக்கொள்ளும். வெளிக்கருவி சத்தத்தை வாங்கி மின்துடிப்பாக்கி உள்ளே அனுப்பும். ஒன்று போனால் மற்றது வெறும் பிளாஸ்டிக்.

"மொதல்ல எல்லாரும் தகர டப்பாவுக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் கீழ இருந்து யாரோ கூப்பிட்டாங்க. இவர்தான்னு தெரிஞ்சுபோச்சு. மாடிப்படியிலேயே உக்காந்துட்டேன்."

பத்து வருடம் நன்றாகக் கேட்டது. பிறகு நிறுவனம் மூடிவிட்டது. 'இத்தனை காலம் எங்களோடு பயணித்ததற்கு நன்றி' என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அக்கா அதை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். "நான் எங்க பயணம் போனேன்? கடையிலதானே இருந்தேன்?"

நான் அவரைப் பார்த்த சமயத்தில் வெளிக்கருவி சூடாக ஆரம்பித்திருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டால், காயும் எண்ணெயில் தண்ணீர் தெளித்ததுபோல காதுக்குள் சத்தம் வெடிக்குமாம். செல்போன் ரிப்பேர்காரரிடம் காட்டியிருக்கிறார்கள். உள்ளே எல்லாவற்றையும் பிசின் ஊற்றி அடைத்திருக்கிறது, தொட்டால் போய்விடும் என்று அவர் கும்பிட்டுவிட்டார். வேறு நிறுவனத்தின் கருவி வைக்க வேண்டுமென்றால் பழைய கம்பியை உருவ வேண்டும். அந்தக் காய்ச்சலின் விளைவாகக் கம்பியைச் சுற்றி எலும்பு வளர்ந்துவிட்டது, உருவினால் புதியதை நுழைக்க வழி இருக்காது, மற்றக் காது எப்போதோ எலும்பால் அடைபட்டுவிட்டது என்றார் டாக்டர்.

ஆகவே அக்கா தன் காதுக்கு ரேஷன் போட்டார். கடை மூடியபின், மாடியில், ஒரு மணி நேரம், கணவருக்கு மட்டும். பாட்டு, மழை இதெல்லாம் கேட்க வேண்டாமா என்று கேட்டேன்.

"மழை எனக்கு ஞாபகம் இருக்கு தம்பி. அந்த மூணு வருஷத்துல இவர் குரல் மறந்துபோச்சு. மூஞ்சி வருது, வாய் அசையுது, குரல் வர மாட்டேங்குது. கனவுலகூட ஊமையாத்தான் வந்தாரு." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "மறுபடியும் அப்படி ஆயிடக் கூடாது. அவ்வளவுதான்."

"அண்ணன் பேசுறதை ரெக்கார்டு பண்ணி வெச்சுக்கலாமேக்கா?"

"வெச்சு? எதை வெச்சுக் கேக்குறது?"

கணிப்பொறி படித்தவன் கேட்கிற கேள்வியா என்று என்னை நானே நொந்துகொண்டேன்.

ஒரு மாலை மாடிக்கு வரச் சொன்னார். "உனக்கு ரெண்டு நிமிஷம் தர்றேன். பேசு." கருவியை மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. நான் என்னவோ சொன்னேன். "ஐயே, மூக்கால பேசுறியே! வாயைப் பாத்தா கம்பீரமா இருக்கும்னு நெனச்சேன்" என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டார்.

பகலெல்லாம் பேசிய மனிதர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். தொண்டையைச் செருமினார். என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"சோப்புத்தூள் ரெண்டு மூட்டை சொல்லியிருக்கேன்."

"சரி."

"ரெண்டு போதும்ல?"

"போதும். அதைக் கீழேயே வாயசைச்சுச் சொல்லியிருக்கலாம்லங்க? வேற ஏதாவது பேசுங்க."

"வேற என்னம்மா பேச? எல்லாம்தான் பகல்லயே பேசிட்டேனே."

"பகல்ல பேசினது எனக்குக் கேக்கலைங்க."

"கேக்கலைன்னா சரளமா வருது. நீ காதைப் போட்டுக்கிட்டு எதிர்ல உக்காந்தா பரீட்சை ஹால்ல உக்காந்த மாதிரி இருக்கு. எல்லாம் மறந்துபோகுது."

"மறந்தா பரவாயில்ல. ஏதாவது உளறுங்க."

அவரால் உளற முடியவில்லை. உள்ளங்கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டார். ஜன்னல் கொக்கி தளர்ந்திருக்கிறது என்றார். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. குழாய் சொட்டியது, சுவர்க் கடிகாரம் ஓடியது. இவ்வளவு கஞ்சத்தனமாகச் சேர்த்த காதால் அக்கா அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கருவி சூடானதும் கழற்றிப் பையில் போட்டார். "இன்னிக்கும் சோப்புத்தூள்தான்" என்றார் என்னிடம். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினார். பாதிப் படியிலேயே கொக்கியைப் பற்றி அவர் சரளமாகப் பேச ஆரம்பித்தது எனக்குக் கேட்டது.

"நாலு வருஷம் இதைத்தான் படிச்சிருக்கேன்க்கா. நான் பாத்துக்கறேன்" என்று அன்றைக்குச் சொன்னேன். எனக்கு அதில் ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை.

அதே நிறுவனத்தை நம்பித் தலையைக் கொடுத்தவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். இணையத்தில் அவர்களுக்கு ஒரு குழு இருந்தது. அதில் எழுதிக் கேட்டேன். இறந்துபோன ஒரு பெரியவரின் மனைவி, அவர் அணிந்திருந்த வெளிக்கருவியை அனுப்பிவைத்தார். பஞ்சு சுற்றி வந்தது. ஒரு கீறல் இல்லை, மணிக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்தும் சூடாகவில்லை. அண்ணன் கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்து நின்றார். அக்கா அதைக் காதில் மாட்டி, வட்டத் துண்டைத் தலையில் வைத்தார். அது ஒட்டிக்கொண்டது. ஆனால் பச்சை வரவில்லை. ஆரஞ்சு நிறத்தில் விட்டுவிட்டு மின்னியது.

ஒவ்வொரு வெளிக்கருவியிலும் ஒரே ஒரு உள்கருவியின் எண்ணைத்தான் எழுதியிருக்கிறார்கள். வேறு தலையில் வைத்தால் பேசாது. அக்காவுக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னேன்.

"அப்ப இது மின்னுறது எதுக்கு?"

"தேடுதுக்கா."

"யாரை?"

"முன்னாடி போட்டிருந்தவரை."

"அவர்தான் போயிட்டாரே."

"அதுக்குத் தெரியாதுக்கா."

கழற்றிவிடலாம் என்று கையை நீட்டினேன். அக்கா என் கையை விலக்கினார். கண்ணாடி முன்னால் போய்த் தலையைச் சாய்த்து, அந்த ஆரஞ்சு விளக்கைப் பார்த்தார். "பாவம். கொஞ்ச நேரம் தேடட்டும் விடு."

எண்ணை மாற்றி எழுத நிறுவனத்தின் மென்பொருள் வேண்டும். அது குழுவிலேயே கிடைத்தது. பழைய லேப்டாப் ஒன்றில் ஓடவைத்தேன். எல்லாத் திரைகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன, எண்ணைத் தட்டினேன், கடைசிப் பொத்தானை அழுத்தினேன். நிறுவனத்தின் சர்வரிடம் அனுமதி கேட்டது. அந்த இணைய முகவரியில் இப்போது யாரோ திரைச்சீலை விற்கிறார்கள். நானே ஒரு போலி சர்வரை எழுதி, 'சரி' என்று பதில் சொல்லவைத்தேன். அந்தச் 'சரி'யில் நிறுவனத்தின் கையொப்பம் இல்லை என்று தள்ளிவிட்டது. கையொப்பம் போடுகிற ரகசியச் சாவி நிறுவனத்தோடு போய்விட்டது. அலுவலகத்தில் மூத்தவர் ஒருவரிடம் காட்டினேன். "பூட்டை உடைச்சுப் பாக்கலாம்ப்பா. ஆனா எவ்வளவு கரண்ட் போகணுங்கறதும் அதே பூட்டுக்குள்ளதான் இருக்கு. தப்பினா அந்தம்மா நரம்பு போயிடும். பரவாயில்லயா?" என்றார். லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தேன்.

முடியவில்லை என்பதை அக்காவிடம் சொன்னபோது ஒரே தடவையில் என் வாயைப் படித்துவிட்டார். இன்னொரு முறை சொல்லச் சொல்லவில்லை. "அதை அந்தம்மாவுக்கே திருப்பி அனுப்பிடு தம்பி. அவங்க வீட்டுல இருக்கட்டும்" என்றார். என் சட்டைகளை எடுத்துக் கொடுத்தார். ஒன்றில் பொத்தான் போயிருந்ததைக் கேட்காமலே தைத்திருந்தார்.

அடுத்த மாதம் அவருடைய கருவி நின்றது. வெடிக்கவில்லை, எரியவில்லை. மாடியில் அந்த ஒரு மணி நேரத்தின் நடுவில் பச்சை விளக்கு அணைந்தது, அவ்வளவுதான்.

"கடைசியா என் காதுல விழுந்தது என்ன தெரியுமா தம்பி? 'குழாயை மூடிட்டியா?' மூடிட்டேன்னு சொன்னேன். அதுக்கு அவர் ஏதோ சொன்னாரு. அது கேக்கல."

"என்ன சொன்னாராம்?"

"கேட்டேன். 'சரின்னு சொன்னேன்'ங்கறாரு." சிரிக்கத்தான் பார்த்தார். இந்த முறை பாதியிலேயே நின்றுவிட்டது.

இது நடந்து ஒரு வருடமாகிறது. இப்போதும் அதே கடையில்தான் இருக்கிறார்கள். அக்காவின் குரல் முன்னைவிட உரத்திருக்கிறது, சொற்களின் ஓரம் மழுங்கிக்கொண்டு வருகிறது. அண்ணனின் குரல் ஞாபகம் இருக்கிறதா என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். 'குழாயை மூடிட்டியா' மட்டும் அப்படியே இருக்கிறது, மற்றதை வைத்துக்கொள்ள முடியவில்லை என்றார். அண்ணன் எதிரில் வந்து நின்று வாயை அகலத் திறந்து பேசுகிறார். வேலை சம்பந்தமாக மட்டும். தெருவில் யாரும் இப்போது அவரை ரேடியோ என்று கூப்பிடுவதில்லை.

போன வாரம் சட்டை வாங்கப் போயிருந்தேன். அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டி, அலமாரிப் பக்கம் திரும்பிப் போர்வை மடித்துக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டும் இருந்தார். பழக்கம் திரும்பிவிட்டதே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் சொற்கள் காதில் விழுந்தன. "தினம் ஒரு மணி நேரம் எடுத்து வெச்சுக் குடுத்தியேம்மா... சோப்புத்தூளு, கொக்கி, குழாய்னு பேசி அழிச்சிட்டேனே... பாவி நான், ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை..." போர்வையின் அதே மடிப்பைப் பிரித்துப் பிரித்து மடித்தார். தோள்கள் குலுங்கின. கவுன்ட்டரில் எனக்குப் பக்கத்தில் நின்றவர் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்.

அக்கா எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். திரும்பிக் கணவரின் முதுகைப் பார்த்தார். என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்கவில்லை. என் சட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போய், காலியாகக் கிடந்த ட்ரையரின் கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்தினார். அது கடகடவென்று உருள ஆரம்பித்ததும், அண்ணன் பேசுவது எங்களுக்கும் கேட்காமல் போயிற்று.