மிதிக்க வரைந்த முகங்கள்

பழைய எகிப்தியர் தங்களைக் குறிப்பிட வைத்திருந்த சொல்லுக்கு மனிதர்கள் என்றுதான் பொருளாம். மற்றவர்களுக்கெல்லாம் தனித்தனிப் பெயர். கிழக்கே இருந்தவர்கள் ஆமு, தெற்கே இருந்தவர்கள் நெஹெசு, மேற்கே இருந்தவர்கள் செமெஹு. இதை எனக்குச் சொன்னவள் என் மகள். பொள்ளாச்சி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, மேடைக்கு வைக்கும் படிப்பலகையில் ஒருவனுடைய கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள். தூரிகையால்தான்.

அவள் இன்ஜினியரிங் படித்தவள். படித்து முடித்ததும் கல்யாண மேடை அலங்காரத்துக்குப் போய்விட்டாள். பிறந்தநாள், சீர், வளைகாப்பு என்று சின்னச் சின்ன வேலைகளாகப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு முதல் பெரிய மேடை இது. எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. இது சரியாக அமைந்தால் அவள் இதையே செய்வாள், நானும் என் மனைவியும் வாய் திறக்க மாட்டோம். சொதப்பினால் திங்கட்கிழமை சரவணம்பட்டியில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போவாள், அதன் பிறகு அவள் வாய் திறக்க மாட்டாள். நான் பம்புசெட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் இருப்பவன். எதைப் பார்த்தாலும் அது எங்கே உடையும் என்றுதான் முதலில் பார்ப்பேன். எனக்குச் சம்பளமும் அதற்குத்தான்.

கல்யாணப் பெண்ணின் அப்பா தென்னை நார் வியாபாரி. நண்பர்களோடு டூர் போய் எகிப்தைப் பார்த்துவிட்டு வந்தவர். அவர் ஒட்டகத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் படம் அவருடைய செல்போன் முகப்பிலேயே இருந்தது. வரவேற்பு மேடை எகிப்து மாதிரி வேண்டும், ராஜா எப்படி உட்கார்ந்தானோ அப்படியே வேண்டும், எதையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருந்தார். என் மகள் எதையும் மாற்றவில்லை. பிரச்சினை அதுதான்.

எகிப்து ராஜா கால் வைக்கும் பலகையிலும் செருப்பிலும் அயல்நாட்டுக்காரர்களை வரைந்து வைப்பார்களாம். எல்லோருக்கும் கை பின்னால் கட்டியிருக்கும். ராஜா நடக்கும்போதும் உட்காரும்போதும் அவர்கள் மிதிபட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எதிரிகளை மொத்தமாக 'ஒன்பது விற்கள்' என்பார்களாம். அதனால் மூன்று படிகள், படிக்கு மூன்று பேர். வெளிநாடு என்று எழுத வேண்டுமானால் மூன்று மலை வரைவார்களாம். அவர்கள் இருந்தது ஆற்றோரச் சமவெளி, மலை தெரிந்தால் அது அடுத்தவன் நாடு. அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதே வெளிநாடு தெரியும்.

சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. எங்களுக்கும் நம்மாளுங்க என்றால்தான் மனிதர்கள். மலைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து வந்தவர் சேட்டன். ரயிலேறி வேலைக்கு வந்தவர் எந்த ஊராக இருந்தாலும் ஹிந்திக்காரர். அந்தப் படிகளைச் செய்த தச்சர் ஒரிசாக்காரர். அவருடைய பாஷை ஹிந்தி இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். முதல் படியில் நடுவில் இருந்த ஆமுவுக்கு மஞ்சள் கலந்த தோல், பூப்போட்ட உடை, கூரான தாடி. தாடிக்கு மேலே என் மூக்கு.

"இது நானா கண்ணு?"

"ஆசியாக்காரருக்குக் கூர்தாடி வேணுமுங்கப்பா. நம்மூட்டுல உங்களுக்குத்தான் இருக்குது."

"நான் என்ன பண்ணினேன் எகிப்தை?"

"எகிப்துல இருந்து பார்த்தா நாம எல்லாருமே இந்தப் படிலதானுங்கப்பா. மேல ராஜா சேர்ல உட்காரப்போறவங்களும் சேர்த்துத்தான்."

இதைச் சொல்லிவிட்டு, நான் வெளிச்சத்தை மறைப்பதாகச் சொல்லித் தள்ளி நிற்கச் சொன்னாள். நான் தள்ளி நின்று, பலகை எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று கேட்டேன். பத்தொன்பது என்றாள். அது போதும். ஆனால் போதும் என்ற அளவு எனக்கு எப்போதும் நிம்மதி தந்ததில்லை.

மாப்பிள்ளை வீட்டார் தாராபுரம் பக்கம். நிச்சயதார்த்தத்தில் இருந்தே இரண்டு வீட்டாருக்கும் யார் முதலில் வணக்கம் சொல்வது என்பதில் ஓர் இழுபறி இருந்ததாக மண்டபத்தில் பேசிக்கொண்டார்கள். சாயங்காலம் முதலில் மேடை ஏற வந்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. வெள்ளை வேட்டி, எங்கேயும் வளையாத முதுகு. முதல் படிக்குக் காலைத் தூக்கியவர், கீழே வைக்கவில்லை. பார்த்தார். என் முகம் அவரைப் பார்த்தது.

"ஏனுங்க, இது ஆளுங்களா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

ஆளாட்டத்தான் இருக்குது என்றார் பக்கத்தில் இருந்தவர்.

இதை என் மகளும் யோசிக்கவில்லை, எதிலும் குறை கண்டுபிடிக்கும் நானும் யோசிக்கவில்லை. எகிப்துக்காரனுக்கு அந்தப் படம் மிதிப்பதற்கு. நமக்கோ பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்மேல் கால் பட்டால்கூட அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் இருக்க முடியாது. கண், மூக்கு, தாடியோடு படுத்திருக்கும் ஒருவரின் நெஞ்சில் கால் வைத்து ஏறி மொய்க் கவரைக் கொடு என்றால் எப்படிக் கொடுப்பது? பெரியப்பா கொக்கு மாதிரி நின்றார். அவருக்குப் பின்னால் வரிசை மண்டபத்து வாசல்வரை நின்றது.

கடைசியில் அவர் செருப்பைக் கழற்றினார். குனிந்தார்.

"மிதிச்சுத்தான் போகோணுமாட்ட இருக்குது. தப்பா எடுத்துக்காதீங்க" என்று என் படத்திடம் சொல்லிவிட்டு, என் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார். அடுத்த படியிலும் குனிந்தார். அதற்கு அடுத்த படியிலும்.

பின்னால் வந்தவர்கள் அதையே செய்தார்கள். கொஞ்ச நேரத்தில் மேடைக்குக் கீழே கோயில் வாசல் மாதிரி செருப்புகள் குவிந்துவிட்டன. வரிசையின் பின்பாதியில் வந்தவர்கள் படத்தைப் பார்க்கக்கூட இல்லை. முன்னால் போனவர் குனிந்தார், ஆகவே ஏதோ சம்பிரதாயம் என்று குனிந்தார்கள். ஓர் அம்மா ஒரு செமெஹுவின் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுப் போனார். ஆயிரக்கணக்கான வருஷங்களாக மிதிபட்டவர் அவர். அன்றைக்குக் கொஞ்சம் குழம்பியிருப்பார்.

ஆனால் எனக்கு அப்போது வேடிக்கை தோன்றவில்லை. ஏறிப் போவதற்காகச் செய்த படியில் எல்லோரும் நின்று குனிந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் குனியும்போதும் பலகை ஒரு சத்தம் போட்டது. பந்தியில் ஆள் இல்லை, இடியாப்பம் ஆறுகிறது என்று சமையல்காரர் ஆள்மேல் ஆளாக அனுப்பிக்கொண்டிருந்தார். மண்டப மேனேஜர் ஒரு சிவப்புக் கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து என் மகளிடம் கொடுத்து, படிகளை மூடிப்போடச் சொன்னார். அவள் அதை வாங்கிக் குழந்தையை ஏந்துவதுபோல் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நின்றாள். விரித்தால் சரவணம்பட்டி. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விரித்துவிடு கண்ணு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெண்ணின் அப்பா மேடையின் மறுபக்கமாக இறங்கி நேராக எங்களிடம் வந்துகொண்டிருந்தார்.

"அம்மணி, அந்தக் கம்பளத்தைய கீழ வைங்க" என்றார்.

அவள் வைத்தாள்.

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நிச்சயத்துக்குப் போனப்ப எனக்கு ஒரு கும்பிடு போடாத ஆளுங்க அவங்க. இன்னிக்கு எம்பட புள்ளைக்கு முன்னால ஒருத்தர் பாக்கியில்லாம குனியறாங்க. அத்தனையும் போட்டோல உழுகுது." கொஞ்ச நேரம் அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் கேட்டார். "ஆமா, படுத்திருக்கறவங்கெல்லாம் யாருங்க? எகிப்து சாமிங்களா?"

"இல்லீங்க. வெளிநாட்டுக்காரங்க. எதிரிங்க" என்றாள் என் மகள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. அந்தக் குறை எனக்குத் தெரிந்ததுதான்.

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"அதைய யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றார்.

போகிறபோக்கில் என்னையும், சாயங்காலம் வந்து சேர்ந்திருந்த என் மனைவியையும் மேடைக்கு வந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளும்படி கூப்பிட்டார். மறுக்க முடியவில்லை. நானும் செருப்பைக் கழற்றி வரிசையில் நின்றேன். முதல் படி வந்தது. இவ்வளவு பேர் தொட்டதில் என் நெற்றி லேசாகப் பளபளத்தது. என்னை நானே தொட்டுக் கும்பிடுவது அதிகப்பிரசங்கித்தனம், கும்பிடாமல் மிதிப்பது அதைவிட மோசம் என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற என் மனைவி முதுகில் தட்டினாள்.

"ஏனுங்க, நின்னுட்டே இருந்தா எப்படி? நகருங்க."

நான் பக்கத்தில் இருந்த நெஹெசுவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஓரமாகக் கால் வைத்து ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். என் மனைவி புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என் மூக்கின்மேல் முழுப் பாதத்தையும் பதித்து ஏறி வந்தாள். அந்த வரிசையில் குனியாமல் வந்தவள் அவள் ஒருத்திதான்.

"என்னது இப்படி மிதிச்சுபோட்டே?" என்றேன்.

"நம்மாளுதானுங்க" என்றாள்.

திங்கட்கிழமை என் மகள் சரவணம்பட்டிக்குப் போகவில்லை. ஒப்பந்தப்படி நாங்களும் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் தாராபுரத்தில் இருந்து அந்தப் பெரியப்பாவே போன் செய்தார். அவருடைய பெண்ணுக்குக் கல்யாணமாம். மேடை எப்படி இருந்தாலும் பரவாயில்லை, படி மட்டும் அதே படி வேண்டும் என்றாராம். சம்பந்தி வீட்டார் திருப்பூர்க்காரர்கள், கொஞ்சம் விறைப்பானவர்களாம்.

"இந்தத் தடவை உங்களை மேல் படிக்கு ஏத்தறேனுங்கப்பா" என்றாள் மகள்.

தாராபுரத்தில் எவ்வளவு கூட்டம் வரும் என்று கேட்டேன். இதைவிட இரண்டு மடங்கு என்றாள். அப்படியானால் பத்தொன்பது போதாது, அடியில் குறுக்குச் சட்டம் ஒன்று கொடுத்துவிடு என்றேன். நான் தாடியை இன்னும் எடுக்கவில்லை.