சுண்டுவிரலுக்கு மட்டும் தெரிந்தது

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் திண்டிவனத்தில் சொந்தமாக மண்டி வைத்தவன். மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, தொட்டே அதில் எவ்வளவு ஈரம் என்று சொன்ன கை இது. கை மரத்தபோது, ரத்த ஓட்டம்தான் குறைவு என்று மாதக்கணக்கில் எண்ணெய் தேய்த்தேன்.

விழுப்புரம் டாக்டர் நாடியை அழுத்திப் பார்த்து, "ரத்தம் நல்லா ஓடுதுங்க" என்றார். கண்ணை மூடச் சொல்லி, விரல்களைப் பஞ்சால் தொட்டார். சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும்தான் உணர்ந்தன.

"மணிக்கட்டுல நரம்பு நெருக்குப்பட்டிருக்குங்க ஐயா. இன்னும் விட்டிருந்தா கட்டைவிரல் சதை சூம்பிடும்."

கூட வந்திருந்த என் மனைவி சிரித்தாள். "பெரிய மண்டிக்காரரு! பஸ்ஸுல வழி முச்சூடும் ஆள்காட்டி வெரலப் புடிச்சிக்கினு வந்தேனே, அதுகூடத் தெரியலியா?"

அவள் பிடித்திருந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

இப்போது எண்ணெயை விட்டுவிட்டு, டாக்டர் தந்த பட்டையை மணிக்கட்டில் கட்டிப் படுக்கிறேன். பஸ் ஏறினால் அவளிடம் சுண்டுவிரலை நீட்டுகிறேன். மற்ற விரல்களுக்கும் அவள் கை தெரியும் நாளுக்கு ஏங்குகிறேன்.