ரேடியோ அக்காவின் மூக்கு

பத்திரப் பதிவு அலுவலகத்தில் வாயிற்காவலர் முதல் மேலாளர் வரை யாரைக் கேட்டாலும் ரேடியோ அக்காவைக் காட்டுவார்கள். அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. குரல் அப்படி. கீழ்த்தளத்தில் அவள் வாசிக்க ஆரம்பித்தால், மாடிப்படி ஏறுகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். அப்படி என்ன காவியமா வாசிக்கிறாள்? 'கிழக்கே பொதுவழி, மேற்கே மதில், தெற்கே கிணறு, வடக்கே தோப்பு' என்று யாரோ ஒருவருடைய வீட்டின் நாலு எல்லை. அதையே கேட்கிறவர் அந்த வீட்டுக்குக் குடிபோய்விடலாமா என்று யோசிக்கும்படி வாசிப்பாள்.

வேலை இதுதான். பழைய கையெழுத்துப் பத்திரங்களுக்கு நகல் கேட்டு ஜனங்கள் வருவார்கள். மாடியில் அதைத் தட்டச்சு செய்து அனுப்புவார்கள். தட்டச்சில் ஒரு எழுத்து பிசகினால் போதும், ஒருத்தர் கிணறு அடுத்தவர் கிணறாகிவிடும். அதனால் கீழே ஒருவர் மூலப் பத்திரத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். எதிரே இருப்பவர் நகலில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து, பிசகின இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட வேண்டும். அந்த எதிர் நாற்காலிக்காரரை எல்லோரும் சிவப்பு மை என்பார்கள். அக்கா மட்டும் அண்ணே என்பாள். ஐம்பத்திரண்டு வயது, ஒல்லி, பேச்சு குறைவு. பதினோரு வருடமாக ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தும் இருவருக்கும் ஒரு வாய்ச்சண்டை வந்ததில்லை.

அந்த வருடம் மழையில் பதிவேட்டு அறையின் கூரை ஒழுகியது. நனைந்த கட்டுகளைக் கீழ்த்தளம் முழுக்க விரித்து மின்விசிறியைப் போட்டுக் காய வைத்தார்கள். பூஞ்சையும் தூசியும் பறந்தன. அலுவலகமே தும்மியது. பத்து நாளில் எல்லோருக்கும் சளி போய்விட்டது. அக்காவுக்கு வந்தது மட்டும் வாடகைக்கு வீடு பார்த்துக் குடிவந்த மாதிரி தங்கிவிட்டது.

காலையில் எழுந்தால் நெற்றி கனக்கும். குனிந்து செருப்பை மாட்டினால் கன்ன எலும்புக்குள் யாரோ கட்டை விரலால் அழுத்துவது போல இருக்கும். வாசனையும் ருசியும் போய், தேநீர் வெந்நீராகிவிட்டது. மருந்துக் கடையில் ஒரு தெளிப்பான் வாங்கினாள். மூக்கில் அடித்த பத்தாவது நிமிடம் சொர்க்கவாசல் திறந்தது, சாயங்காலமே மூடிக்கொண்டது. ஒரு வேளை அடித்தது இரண்டானது, நாலானது. கடைசியில் கைப்பையில் ஒன்று, மேசை இழுப்பறையில் ஒன்று, தலையணைக்குக் கீழே ஒன்று.

எல்லாவற்றையும்விடக் குரல்தான் போனது. சத்தம் வந்தது, எழுத்துகள் வரவில்லை. மூக்கு அடைத்துக்கொண்டால் 'ம' போய் 'ப' வரும், 'ந' போய் 'த' வரும். தன் தாய்க்குப் போன் போட்டு "அம்மா" என்று கூப்பிட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து, "அப்பா குளிச்சிட்டு இருக்காருடி, இரு, வந்ததும் பேசச் சொல்றேன்" என்று பதில் வந்தது.

அக்காவின் கணவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். சிரிக்காமல் கிண்டல் செய்வதில் கெட்டிக்காரர். "நம்ம வீட்டு ரேடியோவுக்கு ஸ்டேஷன் சரியா கிடைக்கல" என்பார். அவருடைய தங்கை, அக்காவுக்கு நாத்தனார், கேக் கடையில் மாவு அளக்கிற வேலை பார்த்தாள். அவள்தான் அதட்டுவாள்: "அண்ணா, அண்ணியே வலியில இருக்காங்க. நீ வேற."

ஒருநாள் பேருந்துக் கொட்டகையில் யாரோ சொன்னதைக் கேட்டு வந்து, "தண்ணிய உள்ளங்கைல எடுத்து மூக்குல உறிஞ்சினா வழி விட்டுடுமாம்" என்றார் கணவர். அக்கா குழாயைத் திறந்தாள், கையில் பிடித்தாள், உறிஞ்சினாள். மூளைக்குள் மிளகாய் அரைத்த மாதிரி எரிந்தது. கண்ணிலும் மூக்கிலும் கொட்ட, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள், அந்தப் பக்கமே இனித் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவெடுத்தாள்.

அலுவலகத்தில் நாள்கள் இழுபறியாக ஓடின. 'மாமரம் நாலு' என்பதை அவள் 'பாபரப் தாலு' என்று வாசித்தாள். சிவப்பு மை புருவத்தைச் சுருக்கி, "இன்னொரு தடவைம்மா" என்றார். முன்பெல்லாம் ஒரு நாளில் முப்பது பத்திரம் முடிப்பார்கள். இப்போது பதினைந்துக்கே மூச்சு வாங்கியது.

அப்புறம்தான் அந்தப் பெண்மணி வந்தாள். சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறவள். அவளுடைய பட்டறை இன்னொருவர் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. கையில் நகலோடு நேராக மேலாளர் அறைக்குப் போனாள்.

"வடபுறம் அஞ்சடி அகலத்துல பொது நடை உண்டுன்னு எங்க பத்திரத்துல இருக்கும்மா. நீங்க கொடுத்த நகலைப் பாருங்க. பொதுத் தடை உண்டுன்னு போட்டிருக்கு. முன்வீட்டுக்காரர் இதைப் பாத்துட்டு, 'பத்திரமே தடைன்னு சொல்லுது'ன்னு வழி நெடுக பூந்தொட்டியை அடுக்கிட்டாரு. சைக்கிளைத் தலையில தூக்கிட்டா போவேன்?"

மூலத்தை எடுத்துப் பார்த்தார்கள். நடைதான். தட்டச்சில் 'தடை' என்று விழுந்திருக்கிறது. அக்கா 'நடை' என்றுதான் வாசித்தாள். வாயிலிருந்து வந்தது 'தடை'. சிவப்பு மைக்குக் கேட்டதும் தடை, விரலுக்குக் கீழே இருந்ததும் தடை. வட்டம் போடாமல் கடந்துவிட்டார்.

அன்றைக்கே திருத்தின நகலைக் கொடுத்தார்கள். பூந்தொட்டிகளும் நகர்ந்தன. ஆனால் மேலாளர் அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். கடிந்து பேசுகிறவள் இல்லை, அதனால்தான் அக்காவுக்குக் கூடுதலாக வலித்தது.

"இந்த மாசம் முழுக்க முத்திரை மேசையில உட்காருங்க. அங்க பேச்சு வேலை கிடையாது. மாசக் கடைசியில ஒரு பத்திரம் வாசிச்சுக் காட்டுங்க. சரியா இருந்தா பழைய இடம். இல்லைன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும். புரியுதில்லையா?"

"புரியுது பேடப்" என்றாள் அக்கா. மேடம் என்று சொன்னதாக நினைப்பு.

அன்று வீட்டுக்கு வந்து கைப்பையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள். முத்திரை குத்துவதற்கு ஒரு கை போதும். பதினோரு வருடம் வாசித்த வாய்க்கு இனி என்ன வேலை? நாத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணி, கடைக்கடையா மருந்து வாங்கினது போதும். நாளைக்கு லீவு போட்டுட்டு வரேன், டாக்டர்கிட்ட போவோம்" என்றாள். அக்கா வேண்டாம் என்று சொல்வதற்குள் எழுந்து போய்விட்டாள்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரு பெண். விளக்கைப் பிடித்து மூக்குக்குள் பார்த்தார், கன்னத்தைத் தட்டிப் பார்த்தார், காய்ச்சல் உண்டா, கண்ணைச் சுற்றி வீக்கம் வந்ததா, பார்வை மங்கியதா என்று விசாரித்தார். இல்லை என்றதும் தெளிப்பானை வாங்கிப் புரட்டினார்.

"இதை எத்தனை நாளா அடிக்கிறீங்க?"

"ரெண்டு பாசபா."

மருத்துவர் சிரித்துவிட்டார். "ரெண்டு மாசமா? பாசம்தான் வெச்சிருக்கீங்க. இதோட மூணு நாலு நாளைக்கு மேல உறவு கூடாதும்மா. அப்புறம் அதுவே அடைக்க ஆரம்பிச்சுடும். இன்னையோட நிறுத்துங்க. ஒரு வாரம் இன்னும் மோசமா இருக்கும், பொறுத்துக்கணும். வேற ஒரு மருந்து எழுதறேன். அதுக்கு முன்னாடி தினம் ரெண்டு வேளை உப்புத் தண்ணியில மூக்கைக் கழுவணும்."

"ஐயையோ, அது வேண்டாம். ஒரு தடவை செஞ்சு உயிரே போயிடுச்சு" என்று அக்காவுக்காக நாத்தனார் சொன்னாள். நடந்ததையும் சொன்னாள்.

"உப்பில்லாத தண்ணி எரியத்தான் செய்யும். அழும்போது கண்ணு எரியுதா? ரத்தத்துல இருக்கற அளவு உப்புதான் கண்ணீர்லயும் இருக்கு. அதே அளவுக்கு நாம கலக்கணும். இன்னொண்ணு, குழாய்த் தண்ணியை அப்படியே மூக்குல விடவே கூடாது. அதுல இருக்கற கிருமி வயித்துக்குப் போனா ஒண்ணும் பண்ணாது, மூக்கு வழியாப் போனா ஆபத்து. நல்லாக் கொதிக்க வெச்சு, வெதுவெதுன்னு ஆறினதும் எடுங்க. உறிஞ்சாதீங்க. அதுபாட்டுக்கு ஒரு பக்கம் போய் மறுபக்கம் வரும்."

"எவ்வளவு உப்பு டாக்டர்?" என்றாள் நாத்தனார். தொழில் புத்தி.

"லிட்டருக்கு ஒன்பது கிராம். அயோடின் கலக்காத உப்பு. நாலு சிட்டிகை சமையல் சோடா."

மாவும் சர்க்கரையும் கிராம் கிராமாக அளக்கிறவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வழியிலேயே மருந்துக் கடையில் மூக்கு கழுவுகிற பிளாஸ்டிக் குப்பி ஒன்றும், சின்னத் தராசு ஒன்றும் வாங்கினாள். மறுநாள் காலை ஒரு லிட்டர் தண்ணீர் கொதித்தது. மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தாள்.

"குனிங்க அண்ணி. தலையைக் கொஞ்சம் பக்கவாட்டுல சாய்ங்க. வாயைத் திறங்க. வாயாலயே மூச்சு விடுங்க. 'ஆ'ன்னு சொல்லுங்க."

கை கழுவுகிற தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அக்கா "ஆ" என்றாள். நாத்தனார் குப்பியை மூக்கில் வைத்து மெதுவாக அழுத்தினாள். எரியவில்லை! அந்த ஆச்சரியத்தில் அக்கா வாயை மூடிவிட்டாள். தண்ணீர் தொண்டை வழியாக இறங்கிப் புரைக்கேறி, இருமி, கண்ணாடி முழுக்கத் தெளித்தது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கணவர் துண்டை நீட்டினார். "பரவாயில்லை, கண்ணாடி சுத்தமாயிடுச்சு."

முதல் மூன்று நாள் ஒரு பக்கம் விட்டது அந்தப் பக்கமே திரும்பி வந்தது. தெளிப்பானை நிறுத்தியதில் தலை பாறாங்கல்லாகியது. இழுப்பறையில் இருந்த கடைசித் தெளிப்பானை அக்கா ஒருநாள் கையில் எடுத்தும் விட்டாள். பிறகு என்ன தோன்றியதோ, அதைக் கொண்டுபோய் வாயிற்காவலரிடம் கொடுத்து, "தான் கேட்டாலும் குடுக்காதீங்க" என்றாள். யார் கேட்டால் என்று அவர் வெகுநேரம் குழம்பினார்.

ஐந்தாம் நாள் வலப்பக்கம் விட்ட தண்ணீர் இடப்பக்கம் நூல் மாதிரி ஒழுகியது. கூடவே, சொன்னால் அருவருப்பு, இரண்டு மாதக் குடித்தனக்காரன் மூட்டை முடிச்சோடு வெளியே வந்தான். அக்கா நிமிர்ந்து ஒரு மூச்சு இழுத்தாள். மூச்சு நெற்றி வரைக்கும் போனது. "ஏய், இங்க வா!" என்று நாத்தனாரைக் கத்திக் கூப்பிட்டுத் தொட்டியைக் காட்டினாள். அவள் பார்த்துவிட்டு, "பார்க்க வெக்கிறதுக்கு வேற எதுவும் கிடைக்கலையா அண்ணி?" என்று சொல்லிக்கொண்டே கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

கஷ்டமும் வராமல் இல்லை. ஒருநாள் அவசரமாகக் கழுவிவிட்டு அலுவலகத்துக்கு ஓடினாள். முத்திரை மேசையில் கீழே விழுந்த தாளை எடுக்கக் குனிந்ததும், உள்ளே தங்கியிருந்த தண்ணீர் கொடகொடவென்று கொட்டி, அப்போதுதான் குத்தின முத்திரையைக் கரைத்துவிட்டது. எதிரே நின்றவர் பதறி, "அழாதீங்கம்மா, நான் நாளைக்கே வந்து வாங்கிக்கிறேன்" என்று போய்விட்டார். அதிலிருந்து கழுவி முடித்ததும் நன்றாகக் குனிந்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, மெல்லச் சிந்திவிட்டுத்தான் கிளம்பினாள்.

மூன்றாவது வாரம் வாசனை வந்தது. பூவும் இல்லை, பழமும் இல்லை. கணவருடைய சட்டையில் டீசல் நாற்றம். "இதைத் துவைக்காம ரெண்டு நாளா போட்டுட்டு இருக்கீங்களா?" என்று கேட்டாள். 'நாளா' என்ற சொல் சுத்தமாக விழுந்தது. அவர் சட்டையைக் கழற்றித் தண்ணீரில் போடப் போனார். அன்றைக்கு மட்டும் கிண்டல் எதுவும் இல்லை.

மாதக் கடைசி வந்தது. வாசித்துக் காட்ட வேண்டிய நாளுக்கு முந்தின மதியம், சிவப்பு மை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முத்திரை மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். ஏதோ சொல்ல வருவதும், மேசையைத் தடவுவதுமாக இருந்தார்.

"என்ன அண்ணே?"

"அந்தத் தடை விஷயம்." தொண்டையைக் கனைத்தார். "உன் மூக்கு மட்டும் காரணம் இல்லம்மா. எனக்கு இடது காது நாலு வருஷமாச் சரியாக் கேக்கல. உன் குரல் கணீர்னு இருந்ததால சமாளிச்சேன். உன் வாயையும் பாத்துப்பேன். நீ மூக்கடைச்சதும் எனக்கு எல்லாம் போச்சு. பாதிப் பத்திரத்தைக் குத்துமதிப்பாத்தான் தாண்டினேன். பழியை நீ ஒருத்தியே சுமந்தே. நான் வாயைத் திறக்கல."

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு மாதம் தனியாக முத்திரை குத்தியிருக்கிறாள், வராதா பின்னே? "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நரைத்த தலை. பதினோரு வருடம் அவள் தண்ணீர் குடிக்கிற வரை காத்திருந்து விரலை நகர்த்தினவர். இந்த வயதில் காது கேட்கவில்லை என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கும் இருந்திருக்கும். கோபம் வந்த வழியே இறங்கியது.

"எந்தக் காது சொன்னீங்க?"

"இடது."

"அப்ப இத்தனை வருஷமா ஜன்னல் பக்கம் நல்ல காதை வெச்சுக்கிட்டு, ரோட்டுச் சத்தத்தைக் கேட்டுட்டு இருந்திருக்கீங்க. வாங்க, மேடம்கிட்ட போவோம். ரெண்டு பேரும் சேர்ந்தே சொல்லிடலாம்."

மேலாளர் எல்லாவற்றையும் கேட்டாள். சற்று நேரம் பேனாவை மூடித் திறந்தாள். "முதல்ல காதைப் போய்க் காட்டுங்க, கருவி வெச்சா கேக்கும்னா வெச்சுக்கோங்க. என்கிட்ட மறைச்சதுதான் எனக்கு வருத்தம்" என்று சிவப்பு மையிடம் சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தாள். "நாளை வரைக்கும் எதுக்கு? இப்பவே வாசிங்க."

மேசையைத் திருப்பிப் போட்டார்கள். அவருடைய வலது காது ஜன்னலை விட்டு உள்பக்கம் வந்தது. அவள் கட்டின் மேலிருந்த தூசியை ஈரத்துணியால் துடைத்து, பிரித்து, ஆரம்பித்தாள். 'மேற்படி மனையில் மாமரம் ஐந்து, நாவல் மரம் நான்கு, மேற்கே நீண்ட மதில், மதிலை ஒட்டி நடை.' ஒவ்வொரு 'ம'வும் 'ந'வும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. சிவப்பு மையின் விரல் நிற்காமல் ஓடியது. இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் நின்று, 'மனை' இருக்க வேண்டிய இடத்தில் 'பனை' என்று இருந்ததைச் சுற்றி வட்டம் போட்டார். மாடிப்படியில் செருப்புச் சத்தம் நின்றது.

இப்போதும் தூசி கிளம்புகிற வாரங்களில் அவளுக்கு அடைக்கத்தான் செய்கிறது. உப்புத் தண்ணீர் வைத்துக் கழுவுகிறாள். சில நாள் முழுதாகத் திறக்கும், சில நாள் ஒரு பக்கம்தான். அப்படிப்பட்ட காலையில் நாற்காலியை இழுக்கும்போதே சொல்லிவிடுவாள்: "அண்ணே, இன்னைக்கு அரை மூக்குதான்." அவர் காதுக் கருவியைச் சற்றுத் திருகிக்கொண்டு, நாற்காலியை ஒரு சாண் முன்னால் நகர்த்துவார். சந்தேகம் வந்தால் விரலைத் தூக்குவார். அவள் எழுத்துக் கூட்டிச் சொல்வாள். அன்றைக்கு முப்பது பத்திரம் முடியாது. இருபத்திரண்டு முடியும்.