சொட்டு டீசலும் மருந்து ரூம் பழக்கமும்

ஆனைக்குட்டம் பக்கம் எங்களுக்கு மேலக்காடு, கீழக்காடு என்று இரண்டு துண்டு கரிசல் நிலம். அந்த வருடம் ஐப்பசியில்தான் உருப்படியாக ஒரு மழை பெய்தது. கரிசல் ஈரமாக இருந்தால் காலைப் பிடித்து இழுக்கும், காய்ந்தால் பாறை. நடுவில் உழுகிற பதம் இரண்டு நாள் இருந்தால் பெரிது. இரண்டாம் நாள் மதியம் எங்கள் கிழட்டு டிராக்டர் வீட்டு வாசலிலேயே டீசலை ஒழுக விட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

வாடகை வண்டிகள் எல்லாம் அடுத்தவர் காட்டில் ஓடிக்கொண்டிருந்தன. மெக்கானிக் மொட்டை போட இருக்கன்குடி கோயிலுக்குப் போயிருந்தார். மிச்சம் என் வீட்டுக்காரர்.

அவருக்கு வண்டி வேலை தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இருபது வருடம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிய மனுசன். வேலையை விட்டு நாலு வருடம் ஆகியும் அந்த மருந்து ரூம் பழக்கம் அவரை விடவில்லை. வண்டியைத் தொடுமுன் குனிந்து தரையைத் தொட்டார். உடம்பில் இருக்கிற கரண்ட் மண்ணுக்குப் போய்விடுமாம். செல்போனைத் தூரத்தில் கொண்டுபோய் வைத்தார். சிந்திய டீசல்மேல் மண் அள்ளிப் போட்டார். இரும்பில் இரும்பு மோதக் கூடாதென்று ஸ்பேனரைப் பச்சைப் பிள்ளை மாதிரி பிடித்தார். நான் ஒழுகுகிற இடத்துக்கு அடியில் சட்டியை ஏந்திக்கொண்டு குத்தவைத்திருந்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மருந்தா கலக்கப் போறீக? வெறும் டீசலுதான.”

அவர் ஒரு வழியாக போல்ட்டைக் கழற்றினார். பில்டரில் குழாய் சேருகிற இடத்தில் சட்டைப் பித்தான் அளவு ஒரு செம்பு வாஷர் இறுகிப்போய்க் கிடந்தது. சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகும், மறுபடி நன்றாகப் படியும் என்றார். நல்லது, காய்ச்ச வேண்டியதுதானே? அதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் உலர்த்த வேண்டுமாம். மணி மூன்று தாண்டிவிட்டது.

வாஷரை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். இடுக்கியில் பிடித்து, கேஸைத் திறந்து, தீக்குச்சியை எடுத்தேன். எதற்கும் ஓடாத மனுசன் ஓடி வந்தார். சிலிண்டரை மூடினார், தீப்பெட்டியைப் பறித்தார்.

“சேலையப் பாரு.”

முழங்காலுக்குக் கீழே முழுக்க டீசல். சட்டி நிரம்பி வழிந்ததை நான் கவனிக்கவே இல்லை.

“வெள்ளாமை போனா அடுத்த மழைக்குப் பாத்துக்கிடலாம். ஒனக்கு ஒண்ணுன்னா நான் என்ன செய்ய?”

வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது, அவர் சொன்னது சரி என்பதால். குளித்து, சேலை மாற்றி வந்து நானே அடுப்பைப் பற்றவைத்தேன். அதற்குள் வாஷரும் அவர் இஷ்டப்படி உலர்ந்திருந்தது. காய்ச்சி மாட்டி, குழாயில் புகுந்த காற்றை எடுத்து ஸ்டார்ட் பண்ணினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

பொழுது சாய்வதற்குள் மேலக்காடு மட்டும்தான் முடிந்தது. மறுநாள் கீழக்காடு காய்ந்து இறுகிவிட்டது, கலப்பை இறங்கவில்லை. அந்த வருடம் முழுக்க அது தரிசாகக் கிடந்தது. அந்தப் பக்கம் போய் வரும்போதெல்லாம் அவரை ஒரு பாட்டம் திட்டினேன். திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து, சேலையை ஒரு தடவை குனிந்து பார்த்து, கையைக் கழுவிவிட்டு, அடுப்பைப் பற்றவைத்தேன்.