பீரோவில் பூட்டிய வைஃபை

சவுதியிலிருந்து வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்த என் கணவர், கண் செருகி, வாய் திறந்தபடி அசையாமல் நின்றுவிட்டார். உயிர் போய்விட்டதென்றே நினைத்தேன். அரும்பாவூரே கேட்க அலறினேன். பக்கத்து வீட்டு மல்லிகாதான் ஓடிவந்தாள். வைஃபை மெதுவாக வருவதற்கு அவள் திருடுவதுதான் காரணமென்று, முந்தின நாள் அவளைத் தெருவில் வைத்துத் திட்டியிருந்தேன்.

"அண்ணனுக்கு ஒண்ணுமில்லக்கா, நெட்டுதான் நின்னுபோச்சு. வைஃபை பெட்டி எங்க?"

"பாஸ்வேர்டை யாராச்சும் பாத்துடுவாங்கன்னு, வாங்குன அன்னிக்கே ஒயரை மட்டும் இடுக்கு வழியா வெளிய விட்டு, பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன்."

"இரும்புக்குள்ள வச்சா எப்படிக்கா வேகமா வரும்? இதுல திருடி நானா?"

பெட்டியை வெளியே எடுத்து வைத்ததும் கணவர் மீண்டும் அசைந்தார். "என்னாடி அழுவுற?" என்றார்.

மல்லிகாவிடம் மெல்ல மன்னிப்புக் கேட்டேன், வீட்டுக்குள் வைத்து. தெருவில் வைத்து இன்னும் கேட்கவில்லை.